கால் மரத்துப்போகிறது என்று நீங்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நம் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று எழுத ஆசைதான். இல்லை. உங்கள் கட்டிலை அம்மா சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு அதில் துணி மடிக்கிறாள். மின்தூக்கிக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்கள். அந்த வாடையில் ஒரு வாரம் புளோக் முழுவதும் தலைவலி. கீழே கோப்பிக்கடையில் சர்க்கரை இல்லாத கோப்பி கேட்டு, பிறகு திருட்டுத்தனமாக ஒரு கரண்டி சர்க்கரை கேட்கிற ஆள் இப்போது யாரும் இல்லை.

அம்மா ஒரு பேச்சை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், இன்றும் சொல்கிறாள். "கால் சரியில்லைன்னு ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். மறைச்சே செத்துப்போயிட்டாரு." சொல்லும்போது அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். எல்லாம் உங்கள் மேல்.

நீங்கள் மறைக்கவில்லை. என்னிடம் சொன்னீர்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. எட்டு மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தேக்காவில் அந்தச் சத்து மாத்திரைக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பாடம் நடத்தினார்கள். 'குணமாகும்' என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. 'நல்லது' என்று சொல்லலாம். கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, நரம்புக்கு நல்லது. அந்தச் சொல்லைப் பிடித்து யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. நான் சீக்கிரமே தேறிவிட்டேன். எங்கே அசதி என்று கேட்பேன், அதற்குத் தோதான பாட்டிலை எடுப்பேன், 'நல்லது' என்பேன். அடுத்த ஆள்.

நான்கு வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். மனிதர்கள் ஏன் இதை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் அம்மாவுக்குக் கால்சியம், அப்பாவுக்கு மீன் எண்ணெய் என்று பெட்டியை நிரப்புவார்கள். மூன்று வருடம் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு வேறு எதை எடுத்துப் போவது? முடி கொட்டுகிறது என்று அலுவலகப் பெண்கள் வருவார்கள். தினமும் ஐந்து மணி நேரம் தூங்கினால் வேறு என்ன ஆகும் என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. சிகரெட்டை விட முடியாத ஓர் அங்கிள் மாதம் தவறாமல் வைட்டமின் சி வாங்குவார். வாங்கும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சிரிப்பார்.

யாரும் முட்டாள் இல்லை அப்பா. தூங்க நேரமில்லை, ஒழுங்காகச் சாப்பிட நேரமில்லை, டாக்டரிடம் போக விடுப்பு இல்லை. மாத்திரை விழுங்க மட்டும் அரை நிமிடம் இருக்கிறது. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டுகிற இந்த நாட்டில், கவனிக்க நேரம் கொடுக்கிற முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் ஏன் சாப்பிட்டீர்கள்? அதுவும் எனக்குத் தெரியும். அரசாங்கப் பாலிகிளினிக்கில் கொடுத்த சர்க்கரை நோய் மாத்திரையைச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பீர்கள். நான் கொண்டுவந்த பாட்டிலையோ வேலைக்கு எடுத்துப் போய், நீங்கள் காவல் காத்த கொண்டோமினியக் குடியிருப்பின் காவல் கூண்டு மேசையில், கார் எண் எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வைப்பீர்கள். ஒருமுறை உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது நானே பார்த்தேன். எதற்கு இந்தக் கண்காட்சி என்று கேட்டேன்.

"மருந்து பாட்டில பாத்தா, கிழவனுக்குச் சீக்குன்னு ஏஜென்சிக்குப் போன் போடுவாங்கம்மா. இத பாத்தா, அங்கிள் உடம்ப நல்லா வச்சிருக்காருன்னு நினைப்பாங்க லா."

அறுபத்து மூன்று வயது. காவலாளி ஏஜென்சி வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதில் பாதி வாசலில் நின்றபடி. உட்கார்ந்திருப்பதைக் குடியிருப்பவர் யாராவது படமெடுத்து அனுப்பிவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். நோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஆள் நோயாளி, சத்து மாத்திரை சாப்பிடுகிற ஆள் ஆரோக்கியசாலி. இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். நான் சிரித்தேன்.

பாலிகிளினிக் தேதி இரண்டு தடவை தள்ளிப்போனது. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றீர்கள். தேதி தவறிய வாரங்களில் என் மாத்திரையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கூட்டிக்கொண்டதாக அம்மா பிறகு சொன்னாள். போகாத டாக்டருக்கு ஈடாக.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் தள்ளிப்போட்டது போதும்.

பிற்பகல். ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடுமுறைத் தொழிலாளர்கள் கூட்டத்தில் கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. மாற்று ஆள் தாமதமானதால் இரவு வேலையை மதியம்தான் முடித்து, வீட்டுக்குப் போகாமல், சீருடைக் கால்சட்டையோடு நேராக வந்திருந்தீர்கள். 'நான் பெற்ற பெண்தான் நிற்கிறாள்' என்று சொல்லி முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. தொழிலாளர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றீர்கள். உங்கள் முறை வந்தது.

"ரெண்டு மாசமா கால் மரத்துப் போகுதும்மா. செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரிய மாட்டேங்குது."

"ரெண்டு காலுமா?"

"ஆமா."

"பி காம்ப்ளெக்ஸ் போடுங்கப்பா. நரம்புக்கு நல்லது."

என் கண் அப்போது ரசீது இயந்திரத்தில் இருந்தது. நீங்கள் பின்னால் நின்ற ஆளைத் திரும்பிப் பார்த்து, "டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

சர்க்கரை உள்ளவர் கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் அது என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கடையில் ஒட்டியிருக்கிற காகிதத்திலேயே இருக்கிறது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்று. வேறு யாராவது கேட்டிருந்தால்கூட ஒருவேளை சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் விடுப்பு எடுக்க வேண்டும், உங்களோடு வரிசையில் உட்கார வேண்டும், ஏஜென்சியோடு சண்டை போட வேண்டும். இதையெல்லாம் அந்த நொடியில் கணக்குப் போட்டேனா, போடாமலே கை பாட்டிலுக்குப் போனதா? எது மோசம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் ஏஜென்சி புதுச் சப்பாத்து கொடுத்தது. கடித்தது. கடித்தது உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டிலும் காலுறையைக் கழற்றாமல் நடந்தீர்கள், தரை குளிர்கிறது என்று. கடைசியில் நீங்கள் காவல் நின்ற வாசலிலேயே காய்ச்சலில் சுருண்டு விழுந்தபோதுதான் ஆம்புலன்ஸ்காரர்கள் சப்பாத்தை வெட்டி எடுத்தார்கள். உள்ளே புண் அழுகி விஷம் ஏறியிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதோடு போய்விட்டீர்கள். வலித்திருக்காதா, ஏன் சொல்லவில்லை என்று அம்மா டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வலியே தெரிந்திருக்காது, ஆனால் கால் மரத்துப்போனது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், அதை யாரிடமாவது சொல்லியிருப்பாரே என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்ற முதல் பாதியை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்தப் பாதியோடுதான் அவள் இத்தனை நாளும் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. வீட்டு வாடகைக்கு அம்மாவின் துப்புரவு வேலை மட்டும் போதாது. ஆனால் பேச்சு மாறிவிட்டது. போன மாதம் பூன் லே பக்கம் தங்கியிருக்கிற கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். இரும்பைத் தேய்க்கிற இயந்திரம் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டதாம். நரம்பு மாத்திரை கேட்டார். கையை நீட்டச் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று கேட்டேன். முடியவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டுனா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும்க்கா. ஊருக்கு டிக்கெட் போட்ருவாங்க. இந்த மாத்திரையப் போட்டா விரலு ஒரு ஆறு மாசம் தாங்குமா, அத மட்டும் சொல்லுங்க."

தாங்காது என்றேன். அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுத்த கவுண்டருக்குப் போய் அதே பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, "தேவி, நீ சேல்ஸா, சோஷியல் வொர்க்கரா?" என்று கேட்டார். அந்த ஆளின் விரலுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? உண்மையைச் சொன்னேன். அவருக்கு அதை வைத்துக்கொள்ள இடமில்லை. உடம்பு கெட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவரிடம் போய் டாக்டரைப் பார் என்பது சுலபம். இந்த ஊர் முழுக்க அதைத்தான் செய்கிறது.

இப்போது கடைசிச் செய்தி. போன செவ்வாய்க்கிழமை அம்மா காலை நீவிக்கொண்டே கேட்டாள். "பாதமெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்குடி. உங்க கடையில நரம்பு மாத்திரை விக்கிறீங்களே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வா."

தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்கு வரை பார்த்தேன். என்னடி பைத்தியம், கூசுது என்று சிரித்தாள். கூசுகிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. மறுநாள் விடுப்பு எடுத்தேன். அவ்வளவுதான் அப்பா, ஒரு குறுஞ்செய்தி. மேலாளர் சரி என்று பதில் போட்டுவிட்டார். அன்றைக்கு உங்களுக்காக இதை ஏன் அனுப்பவில்லை?

பாலிகிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கால் பத்திரமாக இருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது அம்மா என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா மட்டும் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்படித்தானே கூட்டியாந்திருப்ப."

நான் "ம்" என்றேன்.

அந்த 'ம்' எட்டு மாத மௌனத்தைவிட மோசமானது. அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன். அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன். அதோடு உங்களையும் பொய்யராக்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், கவுண்டருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிற யாராவது படிக்கட்டும் என்று. ஆனால் அம்மா இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வருகிற ஞாயிறு நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் அவள் சமைக்கத் தொடங்கும் முன் உட்காரவைத்துச் சொல்வேன். நீங்கள் வந்ததை, வரிசையில் நின்றதை, கேட்டதை, நான் என்ன பதில் சொன்னேன் என்பதை. டாக்டர் சொன்ன மற்றப் பாதியையும் சொல்வேன். அவள் அடிக்கலாம். மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். நான் எங்கும் போக மாட்டேன். நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பதைச் சாக்காக வைத்துத்தான் இத்தனை நாள் தப்பித்தேன். இனி மாட்டேன். உங்கள் மேல் அவள் வைத்திருக்கிற கோபம் உங்களுடையது அல்ல. அதை நான் வாங்கிக்கொள்கிறேன். இது வாக்கு.

"அப்பா சொன்னாரும்மா." இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

உங்கள் காலைக் குனிந்து பார்க்காத மகள்,
தேவி