அழுக்கு எடுக்காத வாஷ்

இன்று காலை மண்ணரை வழியாக வந்தபோது ஒரு வாஷிங் யூனிட்டிலிருந்து சூடான ஈரத் துணியின் வாசனை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நீங்கள் மறைந்து ஆறு மாதமாகிறது. துணியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கை இன்னும் உங்கள் எண்ணைத்தான் தேடுகிறது.

நம் பழக்கம் தொடங்கியதே ஒரு கேள்வியில்தான். பனியன் கம்பெனிகளில் ‘வாஷ்’ என்ற சொல் எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று எங்கள் பத்திரிகைக்கு எழுத, தரம் பார்க்கும் உங்கள் மேசைக்கு வந்திருந்தேன்.

“பயோ வாஷ் போட்டா துணி மேல நிக்கற பிசிறு போகுமுங்க. சிலிக்கான் வாஷ் போட்டா மெத்துனு ஆகும். வாஷ் டெஸ்ட்டுன்னா சுருங்குதா, சாயம் போகுதான்னு பாக்கறது. அழுக்கு எடுக்கற வாஷ் மட்டும் இங்க இல்லீங்க!” என்று சிரித்தீர்கள்.

அது வாங்கியவர் வீட்டு வேலை, அதற்கு வழி சொல்வது லேபிள் என்று காட்ட, பெட்டிக்குள் போகவிருந்த குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது. லேபிளில் தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி. துவைக்கவே கூடாது என்று பொருள். கைக்குழந்தையின் சட்டை! அன்று மாலை லாரி ஏற வேண்டிய சரக்கு முழுவதிலும் அதே லேபிள்.

முதலாளி வந்தார். “லேபிள் வெச்சது யாரு?”

லைன் சூப்பர்வைசர் எழுந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

“அந்தப் புள்ளைய உடுங்க. சாம்பிள்ல சரின்னு கையெழுத்துப் போட்டது நானுங்க.”

“இத்தன வருசமா லேபிள் பாக்கற ஆளு நீங்க!”

“அந்த நெனப்புலதானுங்க பாக்காமப் போட்டுட்டேன்.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பிள்ள ஒண்ணுக்குப் போனா சட்டையத் தூரவா போடுவாவ?” என்றாள். முதலில் சிரித்தது முதலாளிதான்.

புது லேபிள் அடித்து வருவதற்குள் டெய்லர்கள், செக்கிங் பெண்கள், முதலாளி, நான் எல்லோரும் உட்கார்ந்து பழையதைப் பிரித்தோம். நான் பிரித்த இரண்டு சட்டைகளில் ஓட்டை விழுந்தது. “நீங்க எழுதறதோட நிறுத்திக்கோங்க சாமி” என்று கத்தரியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். பொழுது சாய லாரி கிளம்பியது.

போன வாரம் எங்கள் பத்திரிகையில் ஒரு செய்தியில் ஊர்ப்பெயர் மாறி வந்துவிட்டது. ஆசிரியர் புதிய நிருபரை அழைத்துக் கோபமாகக் கேட்டார். அவள் எழுதியதைப் படித்து அச்சுக்கு அனுப்பியவன் நான். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை. எப்படி எழுவது என்று ஒருமுறை பார்த்திருக்கிறேனே.