பிரிக்காத கடிதமும் சனிக்கிழமை ஆட்டமும்

1925 ஆகஸ்டு 10, திங்கள்

காலையிலிருந்து காற்று. பதுளைக் கடைத்தெரு முழுக்கப் புழுதி. கடை வாசலில் தொங்கவிட்ட சேலைகளை இரண்டு தடவை உதறி மடித்தாயிற்று.

கால்பந்துக் கோப்பைக்குச் சீட்டுக் குலுக்கிவிட்டார்கள். நம் டவுன் டீமுக்கு விழுந்தது ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து டீம். சனிக்கிழமை, மா. 4. தோட்டத்து ஆட்களைக் கோப்பையில் சேர்ப்பதே இந்த வருஷம்தான். கடைத்தெருவில் ஒரே சிரிப்பு. டீக்கடை ராவுத்தர், "எத்தனை கோல்னுதான் பேச்சு, ஜெயிக்கிறதப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை.

11, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. காற்று அப்படியே.

போன வருஷமும் முதல் ஆட்டத்துக்கு இப்படித்தான் சிரித்தோம். அன்று நம் கோல்கீப்பர் சண்முகத்துக்குக் காய்ச்சல். பதிலுக்கு நின்ற தையல்கார மணியின் காலுக்கிடையில் பந்து உருண்டு போயிற்று. உதைத்த மாதிரிகூட இல்லை, உருண்டது. வருஷம் முழுக்க அந்தப் பேச்சு கேட்டோம்.

சண்முகம் என் சித்தப்பா மகன். நாலு கடை தள்ளி எண்ணெய்க்கடையில் வேலை. சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள், எங்கம்மாதான் வளர்த்தாள். இந்தச் சிலோனில் எனக்குச் சொந்தம் என்று அவன் ஒருத்தன்.

நாலு கஜம் கேட்ட அம்மாளுக்கு மூன்று கஜம் கிழித்துவிட்டேன். "என்ன தம்பி, கை இங்க இருக்கு, மனசு எங்க இருக்கு?" மைதானத்தில் என்று சொல்லவா முடியும்.

சனிக்கிழமைக்கு: முதலாளியிடம் 3 மணிக்கே லீவு கேட்க. குடை. சண்முகத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்ல. வேண்டாம், சளி பிடிக்கும்.

12, புதன்

கா. 11 மணித் தபால். ஊரிலிருந்து எனக்குக் கடிதம். உறையின் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கிறது.

யாரோ போய்விட்டார்கள். யார் என்று உள்ளே இருக்கிறது. பிரிக்கவில்லை.

பிரித்தால் தீட்டு. எனக்கு மட்டும் என்றால் போகட்டும், சண்முகமும் பங்காளி. அவன் முதலாளி ஆசாரம் பார்க்கிறவர், பதினாறு நாளும் வெளியே விடமாட்டார். கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் டீம் இறங்கும், அதற்கும் அவன் ஆகாது. சாவைக் கேட்ட நேரத்திலிருந்துதான் தூரத்தில் இருப்பவனுக்குத் தீட்டு. கேட்காதவனுக்கு ஏது?

சட்டம் பேசுகிறேன். மேல் தட்டில் எட்டு முழ வேட்டிக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இறந்தவர்களுக்கு இனி அவசரம் இல்லை, மூன்று நாள்தானே.

13, வியாழன்

யாராக இருக்கும்?
பெரியப்பா. எழுபது தாண்டியாயிற்று, ஒரு வருஷமாகப் படுக்கை. அவர்தான்.
கட்டிக்கொடுத்த அத்தை. அவள் என்றால் எங்களுக்குப் பதினாறு நாள் இல்லை, பிரித்தே இருக்கலாம்.
அம்மா. ஆனியில் இருமல் என்று எழுதியிருந்தாள், ஆடிக்கு வந்துவிட்டுப் போ என்றாள். கோப்பை முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டேன்.
பெரியப்பாதான்.

மத்தியானம் அந்தத் தோட்டத்துக் கங்காணி கடைக்கு வந்தார். பயல்கள் கையில் கட்டிக்கொள்ளச் சிவப்புத் துணி வேண்டுமாம், பதினோரு துண்டு.

"ஜெயிக்கிறதுக்கா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"நீங்க ஒண்ணுங்க. பயலுக காலைல பெரட்டுல நின்னு பேர் குடுத்து, பொழுது சாய வேலை பாத்துட்டுத்தான் பந்து தொடுறாங்க. ரொம்பக் கோல் வாங்காம லயத்து வீட்டுக்குத் திரும்புனா போதும்."

அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இவர்களுக்குப் பயந்தா நான் ஒரு சாவை ஒளித்து வைத்திருக்கிறேன்? கொஞ்சம் தாராளமாகவே கிழித்துக் கொடுத்தேன். ஆனாலும் கடிதத்தை எடுக்கவில்லை. பந்து உருண்டை. போன வருஷமும் உருண்டதுதான்.

14, வெள்ளி

ஒவ்வொரு தடவை வேட்டி கேட்டு ஆள் வரும்போதும் கண் மேல் தட்டுக்குப் போகிறது. எட்டு முழம் தீர்ந்துவிட்டது என்று இரண்டு பேரிடம் பொய். முதலாளி காதில் விழுந்தால் தொலைந்தேன்.

சாயங்காலம் சண்முகம் வந்தான். புதுப் பந்தில் பழகிக் கையெல்லாம் சிவப்பு.

"ஊர்லேருந்து காயிதம் வந்துச்சாண்ணே?"

"இல்லையே."

"பெரியம்மாவுக்கு இருமல்னாங்களே, அதான் கேட்டேன்."

"அதெல்லாம் சரியாப் போயிருக்கும். நீ போய்ப் படு, நாளைக்கு ஆட்டம்."

தலையாட்டிவிட்டுப் போனான். அவன் என்னை நம்பாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

15, சனி. காலை

காற்று நின்றுவிட்டது. முதலாளி 3 மணிக்கு லீவு கொடுத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. புது ரயிலில் அவர்கள் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்களாம். கையில் என் சிவப்புத் துணி. ஏணியில் ஏறி உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினேன். இன்னும் சில மணி நேரம்.

15, சனி. விளக்கு வைக்கும் நேரம்

ஏழு கோல். அவர்களுக்கு ஒன்றுமில்லை. பாவம், காலில் ஆணி குத்தினதுபோலத் தயங்கித் தயங்கி ஓடினார்கள். ஆட்டம் முழுக்க சண்முகம் கம்பத்தில் சாய்ந்து நின்றான். ஒரு பந்துகூட அவன் கைக்கு வரவில்லை. மணி நின்றிருந்தாலும் ஜெயித்திருப்போம். யாரும் நிற்காவிட்டாலும் ஜெயித்திருப்போம்.

அடுத்த ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, பண்டாரவளையோடு. "அன்னிக்கு சண்முகம் இல்லாம முடியாது" என்று கேப்டன் கத்தினார். கடிதத்தைக் கடை மாடிக்கு எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏழு நாள்தானே என்று நான் ஒரு தடவை நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

பிறகு பிரித்தேன்.

மாமா எழுத்து. அம்மா.

"கொள்ளி வைக்க நீ இல்லை, பங்காளி வீட்டுப் பையன் வைத்தான். ஒரே பிள்ளை, பதினாறாம் நாள் காரியத்தையாவது நீ வந்து செய்ய வேண்டும். வருகிற 17, திங்கட்கிழமை. இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கையில் கிடைக்கும், வியாழன் ரயில் ஏறினால் சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம் என்று தபாலாபீசில் நன்றாக விசாரித்துவிட்டேன். சண்முகத்தையும் கூட்டி வா. சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்து நிற்பேன்."

மாமா இப்போது அங்கே நின்றுகொண்டிருப்பார். இனி நாளை ரயில் ஏறினாலும் செவ்வாய்தான்.

கீழே வேட்டு வெடிக்கிறார்கள். சண்முகம் வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிறான். "அண்ணே, எறங்கி வாங்கண்ணே, எல்லாரும் உங்களத்தான் தேடுறாங்க."