மோகன் எடுத்த எச்சில் தட்டுகள்

8 ஜூன் 1962, வெள்ளி

இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கும் என் மகன் மோகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். இன்று தாராபுரத்திலிருந்து பெண் வீட்டார் அவனைப் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்ததும் மோகன் சட்டென எழுந்தான். அவர்களுடைய எச்சில் தட்டுகளை இடது கையில் முழங்கை வரை வரிசையாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனான். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் தன் தட்டைக்கூட எடுத்ததில்லை, நான் உட்பட.

பெண்ணின் அப்பா சிரித்தார். "ஏனுங்க தம்பி, அங்க ஓட்டல்ல வேலை செய்யறீங்களா?"

"ஆமாங்க. சாயங்காலம் காலேஜ் உட்டதும் போவேனுங்க."

அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. நான்தான் கூனிக் குறுகிப்போனேன். மில் முதலாளி மகன் என்றல்லவா சம்பந்தம் பேசியிருந்தேன்! "ஊட்ல கலந்து பேசிப்போட்டுச் சொல்றனுங்க" என்று அவர் கிளம்பிவிட்டார்.

மோகனை ஒரு பிடி பிடிக்கத்தான் நினைத்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

சம்பந்தம் போனால் போகட்டும். அத்தனை தட்டுகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. கை அப்படிப் பழகுவதற்குள் எத்தனை பீங்கானை உடைத்தானோ, யார் யாரிடம் திட்டு வாங்கினானோ. கடிதத்தில் எப்போதும் 'சௌக்கியம்' என்றுதான் எழுதுவான். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.