ஆடட்டும் அந்தப் பட்டை

பம்மல்
11-2-1974

அன்பு மகள் ஞானஜோதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் திடமாக இருக்கிறேன், நீயும் ஜாம்ஷெட்பூர் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். மாவு மில்லை விற்றுவிட்டு அங்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வர மாட்டேன். அப்பா போன பிறகு உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது இந்த மில்தான், அதை மூடச் சொல்லி எவரோ நோட்டீஸ் நீட்டுவார், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டுமா, நல்ல கதை.

நடந்ததைக் கேள். மில் ஓடினால் சுவர் அதிர்ந்து விரிசல் விடுகிறது என்று பக்கத்து வீட்டு ராஜகோபாலன் மனுக் கொடுத்தார் அல்லவா, அவர் சொன்னது பொய்யும் இல்லை. நீ அனுப்பிய படத்தின்படி மில்லின் இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்டீல் பட்டையின் ஒரு முனையை முடுக்கி, மறுமுனைப் பக்கம் தராசு எடைக்கல்லை மாட்டினோம். அதிர்வையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு பட்டை கிடுகிடுவென்று ஆடிற்று, சட்டம் அடங்கி நின்றது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மனுவை விசாரிக்க ஆபீசர் வருகிற அன்று காலையில் நம் ஃபிட்டர் சின்னப்பன், இன்னாம்மா இது இப்டி ஆடிகினு கீது, ஆபீசர் பாத்தா பேஜாராயிடும் என்று சொன்னவன், நான் சர்ச்சுக்குப் போய் வருவதற்குள் பட்டைக்கு அடியில் இரும்புத்துண்டு கொடுத்து வெல்டு வைத்துவிட்டான். ஆடுவதை நிறுத்துவதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில், பாவம். பட்டை நின்றது, ஆட்டமெல்லாம் திரும்பவும் சுவருக்குப் போயிற்று. ராஜகோபாலன் வீட்டு அலமாரியில் ஆபீசர் வைத்த டம்ளர் தண்ணீர் தளும்பிக் கொட்டியது. ஏழு நாளில் மூடு என்று எழுதி நீட்டினார். வாங்க மாட்டேன், ஏழாம் நாள் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சின்னப்பனையே அந்த வெல்டை அறுக்க வைத்தேன். அப்புறம் இன்னொரு தொல்லை, கரண்ட் கட் நேரத்தில் ஆயில் இன்ஜினில் ஓட்டினால் வேகம் குறைவு, எடைக்கல் பழைய இடத்திலேயே இருந்தால் அதிர்வு முன்னைவிடக் கூடிவிடுகிறது. அதனால் நட்டைத் தளர்த்திக் கல்லை நகர்த்துகிற மாதிரி செய்தோம். இன்ஜின் ஓடினால் முனைப் பக்கம் தள்ளுகிறேன், மோட்டார் ஓடினால் உள்ளே இழுக்கிறேன், இரண்டுக்கும் பெயிண்டில் கோடு போட்டாயிற்று. ஏழாம் நாள் கரண்ட் இல்லை, இன்ஜினைப் போட்டேன், டம்ளர் தண்ணீர் அசையவில்லை. மனுவை வாபஸ் வாங்கிக்கறேன் சார் என்று ராஜகோபாலனே சொல்லிவிட்டார். ஆபீசருக்குத்தான் மனசு வரவில்லை, படத்தில் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும், போட்டது உங்க பையனா என்றார். என் மகள் என்றேன். பொண்ணா என்று சிரித்துவிட்டு, தாம்பரத்தில் தெரிந்த இன்ஜினியர் ஒருத்தர் இருக்கார், அவர் பேர்ல கையெழுத்து வாங்கிடுங்கம்மா என்றார். அவர் எதற்கு, போட்டவள் பெயர்தான் வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

நீயோ, தப்பாகிவிட்டால் ஆபீசில் சிரிப்பார்கள், என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று படத்தோடு சீட்டு எழுதி வைத்திருக்கிறாய். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். சிரிக்கிறவர் சிரிக்கட்டும், நீ போட்ட கணக்கு சரி. படத்தை இதோடு வைத்திருக்கிறேன், இருபத்தைந்தாம் தேதிக்குள் உன் கையெழுத்தோடு ரிஜிஸ்தர் தபாலில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மில்லை மூடுவேனே தவிர வேறொருவர் பெயரில் ஓட்ட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே, கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. மறந்துவிடாதே, முழுப் பெயர், பக்கத்தில் பி.இ., கண்ணாடி போடாமல் நானே படிக்கிற அளவுக்குப் பெரிதாக.

உன் அம்மா,
ரத்தினபாய்