பவளத்தின் விலா எலும்புப் படம்

என் ஆசை மச்சாள் பவளம்,

கண்ணை மூடிப் போய்ச் சேர்ந்த அந்த இடத்திலாவது வயிறாரச் சாப்பிடுகிறாயா? உன் மகள் துளசி வெளிநாட்டிலிருந்து வந்து அக்கராயனில் எங்களோடு நிற்கிறாள். நேற்று அவள் காட்டிய ஒரு படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருக்கிறது.

உன் எக்ஸ்ரே படம் ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் தொடக்கம். நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிது. நீ சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தாய். அதற்கு முன்பே உனக்கு வலது விலாவுக்குக் கீழே நோ, சாப்பிட்டால் கூடும். வீட்டில் எல்லோரும் விழுந்த நோ என்றே நினைத்து, கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் விலாவைப் படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார் டொக்டர். அவர் சொன்னது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருவதற்குள் அது 'படத்தில் ஒன்றும் இல்லை' என்று ஆகிவிட்டது. அயலெல்லாம் வந்து அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. வயலில் நெல் அறுக்கும் அருவிவெட்டு நேரம் வேறு. "படத்தில ஒண்டும் இல்லையெண்டா பிறகென்ன வருத்தம்? வெயிலுக்குப் பயந்து நடிக்கிறாள்" என்றார் உன் அம்மா. புது மருமகள் என் பேச்சு எடுபடுமா? நீ குசினியில் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

பளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, அந்த நாளைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனை தரம் சிரித்திருப்போம்! நீ வருத்தக்காரி, தீராத நோயாளி என்ற கதை அவர்கள் காதுவரை போயிருந்தது. உன் அம்மா அலுமாரியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துவந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்கோ, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை."

மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தார். "நல்ல நேரான முள்ளந்தண்டு" என்றார்.

நீ தேத்தண்ணித் தட்டோடு நின்றாய். "அது எலும்பின்ர படம். எனக்கு எலும்பு நோகேல்லை, உள்ளுக்கை நோகுது. மறைச்சுக் கட்டிக்கொண்டு வர எனக்கு ஏலாது."

கலியாணம் போச்சு என்றே நினைத்தேன். மாப்பிள்ளை சிவம்தான் வாயைத் திறந்தார்.

"எப்ப இருந்து நோகுது?"

அதுவரை அந்த வீட்டில் யாரும் உன்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாய்.

கலியாணம் முடிந்த கையோடு அவர் உன்னை யாழ்ப்பாணம் கொண்டுபோனார். பித்தப்பைக்குள் கல்லுகள், அந்த எக்ஸ்ரேயில் பிடிபடாத கல்லுகள். ஒப்பரேஷனில் எடுத்த அவற்றைச் சின்னப் போத்தலில் போட்டுத் தன் மாமியாரின் கையில் கொடுத்தாரே! உன் அம்மா அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். பிறகு கன நாள் உனக்குச் சோறு குழைத்துத் தீத்தினார். நானும் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

சரி, துளசியின் கதைக்கு வருகிறேன். அவள் காட்டியது ஒரு சுண்டெலியின் ஈரல். அதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம். சதையைச் சாதாரண எக்ஸ்ரேயில் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் அயடீனில் ஊறவைத்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கணினியில் சேர்க்கிறார்கள். முழு ஈரலும் திரையில் திரும்பியது, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களோடு. எவ்வளவு வடிவு, பவளம்!

"அம்மாவுக்கு அந்த நேரம் இது இருந்திருந்தா..." என்று இழுத்தேன்.

"இது வெட்டி எடுத்த துண்டுக்கு, மாமி. உயிரோட இருக்கிற ஆளை அயடீனில ஊறப்போடேலுமோ?"

சிரித்தபடியே நெற்றியை அழுத்திப் பிடித்தாள். துருவித் துருவிக் கேட்டேன். கன நாளாகத் தலையிடியாம்.

"ஸ்கான் எல்லாம் எடுத்தாச்சு. ஒண்டும் இல்லையாம். நான் யோசிச்சு யோசிச்சு வரப்பண்ணுறன் எண்டு சொல்லுகினம். அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமி."

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நாளைக் காலை அவளோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறேன். அங்கும் ஒன்றும் இல்லை என்றால் கொழும்புக்குப் போவேன். எங்கேயும் ஒன்றும் அகப்படாமலே போகலாம். அப்போதும் உன் பிள்ளை நோகுது என்று சொன்னால் அவளுக்கு நோகிறதுதான். நான் இருக்கும்வரை யாரும் அவளைப் பொய்க்காரி ஆக்க விடமாட்டேன்.

உன் பிள்ளைக்கு மாமியும்
உனக்கு என்றைக்கும் மச்சாளுமான,
யோகம்