பிஸ்கட் டப்பாவில் இருந்த மூன்று மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இப்போது நலம். ‘இப்போது’ என்று ஏன் எழுதினேன் என்பது கீழே வருகிறது, பதறாமல் படி.

போன வாரம் போனில், மூணு மாசமா இலை எடை குறையவே இல்லப்பா, நம்ம வீட்டு மண்ணு அதை மக்க விடாம பிடிச்சு வச்சிருக்கு, பேராசிரியரே அசந்துட்டாரு என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறம் மூன்று தடவை போன் செய்தேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே குளிரா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். விஷயம் இதுதான். மாதத்துக்கு எவ்வளவு மக்குகிறது என்று பார்க்க, காய்ந்த இலையை வலைப்பைகளில் போட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, மாதம் ஒன்றாம் தேதி மூன்று பை தோண்டி, காயவைத்து, தேதி எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாய். கடைசி ஒன்பது பை பாக்கி இருந்தபோது அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்பப் போயி அவகிட்ட சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும், மூச்சு விடாதீங்க என்று அம்மா என் வாயைக் கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் மூன்று மாதம் தங்கினோம். அடுத்த வீட்டு டெய்லரிடம் தோண்டச் சொன்னால் உன் காது வரைக்கும் வந்துவிடும். அதனால் கிளம்பும்போதே பைகளைத் தோண்டிக் காயவைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுச் சித்தி வீட்டு பீரோ மேல் வைத்துக்கொண்டேன். மாதாமாதம் அந்தந்தத் தேதியை எழுதித் தபாலில் சேர்த்தேன். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டி வந்த நேரத்தை நிமிஷம் பிசகாமல் குறித்தவன் செய்கிற வேலையா இது. நீ அதை அரைத்து, எந்திரத்தில் எரித்து, கார்பன் குறையவில்லை என்று கண்டுபிடித்தாய். எப்படியம்மா குறையும், அது மண்ணிலேயே இல்லையே.

அம்மா நன்றாகத் தேறிவிட்டாள், சத்தியம். வேலை செய்ய விடவில்லை என்று என்னோடு சண்டை போடுகிறாள். பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் இந்த ஆராய்ச்சி முடிவை வாசிக்கப்போவதாகச் சொன்னாய், அதற்குள் இந்தக் கடிதம் கிடைக்கவேண்டுமே என்று இன்றே கூரியரில் போடுகிறேன். பேராசிரியரிடம் அப்பா செய்த தப்பு என்று மறைக்காமல் சொல்லிவிடு, திட்டினால் என் நம்பரைக் கொடு. இன்னொன்று, ஒன்பதில் இரண்டை எலி இழுத்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, அதுவும் பொய். அவசரத்தில் தோண்டியபோது அவை கைக்கு அகப்படவில்லை. நேற்று மழை விட்டதும் பார்க்கிறேன், தண்ணீர்த் தொட்டி ஓரமாக வலை நூல் தெரிகிறது. இரண்டும் இத்தனை நாளும் மண்ணுக்குள்ளேயேதான் இருந்திருக்கின்றன. நான் தொடவில்லை, பக்கத்தில் ஒரு குச்சி மட்டும் நட்டிருக்கிறேன்.

கோபத்தை என்மேல் காட்டு, சாப்பாட்டின்மேல் காட்டாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், அது போதும் எங்களுக்கு. முடிந்தபோது வந்து அந்த இரண்டையும் உன் கையால் எடு. தேதியையும் நீயே எழுது.

உன் அப்பா