கோட்டுப் பையில் இருந்த காகிதம்

அன்பு மகள் வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பியும் சுகம், நானும் சுகம்தான், உன்மேல் இருக்கும் கோபத்தைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் முழங்கால் வலி போய்விட்டது, மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. தம்பி உன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

மருத்துவக் கல்லூரி இண்டர்வியூவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைத் துவைத்து அனுப்பச் சொல்லி, பயிற்சி விடுதியிலிருந்து லீவுக்கு வந்தபோது விட்டுப் போனாய் அல்லவா, பையில் கைவிட்டுப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் தண்ணீரில் போடமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? ஒரு டாக்டர் மறந்துவிட்ட பேனா நாற்பது படுக்கை விரிப்புகளை நீலமாக்கிய நாளிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அதுதான் சட்டம். உள்பையில் அந்தக் காகிதம் இருந்தது. பயிற்சி மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பதில்கள், உன் கையெழுத்தில். மனிதகுலத்துக்குத் தொண்டு செய்வது என் சிறுவயதுக் கனவு என்று ஒன்று. எந்த வயதிலடி நீ அப்படிப் பேசினாய்? அதற்குக் கீழே, அம்மாவின் வேலை: மருத்துவமனை நிர்வாகம். அழுதேன், மறைக்கவில்லை. அப்பாவிடம் நீட்டினால், "பயத்துல எழுதியிருப்பா, விடு" என்றார். நான் விடுவதாக இல்லை. நிர்வாகம் இருப்பது மாடியில். நான் கீழ்த்தளத்தில், நீராவிக்கு நடுவில், இருபத்திரண்டு வருடமாக. அந்த மாடிக்காரர்களும் காய்ச்சல் வந்தால் நான் துவைத்த விரிப்பில்தான் படுக்கிறார்கள்.

ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டால் உனக்கா பதில் தெரியாது? பத்து வயதில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உன்னை வேலைக்குக் கூட்டிப்போய்த் தலையணை உறை மடிக்க உட்காரவைத்தேன். ரத்தம் தோய்ந்த விரிப்பு ஒன்று வந்தது. "இது யாரோடது, பொழச்சுட்டாங்களா?" என்று கேட்டாய். அத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. விறுவிறுவென்று மூன்று மாடி ஏறி வார்டு நர்ஸையே பிடித்து விசாரித்தாய், வாயாடி என்று பெயர் வைத்ததே அந்த அம்மாள்தான். எனக்கு சூப்பர்வைசரிடம் செம திட்டு. பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நீ சாப்பாட்டில் கை வைத்தாய். இது அந்தக் காகிதத்தில் இருக்கிறதா? போன வருடமும் ஒப்பித்துவிட்டுத்தானே வெறுங்கையோடு வந்தாய். இதுதான் கடைசி வாய்ப்பு என்கிறாய், இருக்கட்டும். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வா, வேறு வழி பார்ப்போம். ஆனால் என்னை மாடிக்கு ஏற்றிவிட்டு நீ டாக்டராக வேண்டாம்.

கோட்டை இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்புகிறேன். உள்பையை இரட்டை நூலால் தைத்து மூடிவிட்டேன், பிரிக்காதே. காகிதத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த உன் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தாயிற்று, அதற்காவது உதவட்டும். இண்டர்வியூவுக்கு முதல் நாள் நேரத்தோடு தூங்கு. நினைத்தது நடந்து, நிறைந்த ஆயுளோடு நன்றாக இரு, என் ஆசி முழுக்க உனக்குத்தான். அம்மா என்ன செய்கிறார் என்று கட்டாயம் கேட்பார்கள், கீழே இருப்பதை அப்படியே சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆஸ்பத்திரிச் சலவைத் தொழிலாளி.